பாட்டிலில் இருக்கும் நெருப்பு



இன்று பெட்ரோலைப் பற்றிப் பேசப் போகிறேன்.

நம் ராமாபுரத்தில் என் அத்தை பெட்டிக்கடை வைத்திருக்கிறார். முன்பு பாட்டிலில் பெட்ரோலும் விற்றார். ஒரு நாள் மாலை ஒரு பாட்டில் சாய்ந்தது. நான்கு முழம் தள்ளி அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. குப்பென்று தீப்பிடித்தது. நான் ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினேன். பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்தது. தீ இன்னும் பரவியது. பக்கத்து வீட்டு அண்ணன் மணலை அள்ளிப் போட்டு அணைத்தார். அத்தையின் வலது கை வெந்துபோனது. படித்த எனக்கே அன்று இது தெரியவில்லை.

அடுப்பு தள்ளித்தானே இருந்தது? எப்படிப் பற்றியது?

பெட்ரோலிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். நெருப்பைத் தொட்டதும் பற்றிக்கொள்ளும்.

2009 அக்டோபர் 29 அன்று ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் கசிந்தது. ஆவி மேகம்போலப் பரவி வெடித்தது. பலர் இறந்தார்கள். தீ ஒரு வாரத்துக்கு மேல் எரிந்தது.

இதனால்தான் பெட்ரோலுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அது 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம். அதன்கீழ் 2002-இல் புதிய விதிகள் வந்தன.

பங்கில் பெட்ரோல் தொட்டி எங்கே இருக்கிறது? பூமிக்குள். அங்கே வெயிலும் தீயும் அண்டாது. புதைக்கும் முன் ஒழுகுகிறதா என்று சோதிக்க வேண்டும். துருப்பிடிக்காமல் பாதுகாக்க வேண்டும். ஆவி வெளியேற உயரமான குழாய் வேண்டும். அதன் வாயில் கம்பிவலை வேண்டும்.

லைசென்ஸ் தருவது பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. தலைமை அலுவலகம் நாக்பூரில் இருக்கிறது. அதற்கு முன் 'ஆட்சேபணை இல்லை' என்று மாவட்ட அதிகாரி சான்று தர வேண்டும். நம் பக்கத்தில் அவரை டி.சி. என்கிறோம். இடம் ஆபத்தானது என்று தோன்றினால் நாம் அவருக்கு மனு எழுதலாம்.

நம் வீட்டுக்கும் விதி உண்டு. சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் பெட்ரோல் வரை லைசென்ஸ் வேண்டாம். ஆனால் இறுக மூடி வைக்க வேண்டும். கண்ணாடி பாட்டில் 1 லிட்டருக்கு மேல் கூடாது. தகர டின் 25 லிட்டருக்கு மேல் கூடாது. விற்பதற்கு என்றால் ஒரு பாட்டிலுக்குக்கூட இந்தச் சலுகை இல்லை.

பம்ப்செட்டுக்கு டீசல் வைப்பவர்கள் பயப்பட வேண்டாம். ஓரிடத்தில் 2,500 லிட்டர் வரை லைசென்ஸ் வேண்டாம். ஆனால் எந்தப் பீப்பாயும் 1,000 லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடாது.

"அவசரத்துக்கு பாட்டில் வேண்டாமா, தம்பி?" என்று கேட்பீர்கள். அத்தையும் கேட்டார். ஒரு பாட்டிலுக்கு லாபம் ஐந்து ரூபாய். கை ஆற மூன்று மாதம். கடை மூடிக் கிடந்தது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். பெட்ரோல் டின் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறதா? மூடி இறுக்கமாக இருக்கிறதா? கைக்கு எட்டும் இடத்தில் ஒரு வாளி மணல் வையுங்கள்.