கையெழுத்துப் போட முதல்



நான் தொழிலால் ஒரு கணக்காளன். என் மேசைக்குக் கடன் பிரச்சினையோடு வருகிற எங்கள் ஆட்களில் பலருக்கு அது ஒரு கையெழுத்தில்தான் தொடங்கியிருக்கும். தம்பிக்குப் பிணை, மச்சானுக்குப் பிணை, ஊரில் பக்கத்து வளவில் இருந்தவருக்குப் பிணை. ஏன் வைத்தீர்கள் என்று கேட்டால், "எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது?" என்பார்கள். அவர்களுக்கெல்லாம் புத்தி சொல்லி அனுப்பிய நான், 2011ஆம் ஆண்டு அதே கேள்வியோடு என் வீட்டுக் குசினியில் இருந்தேன்.

தம்பி பலசரக்குக் கடை ஒன்று எடுக்க விரும்பினான். வங்கிக் கடனுக்கு எங்கள் வீட்டை ஈடு வைத்து நான் பிணை நிற்க வேண்டும். வாடகையும் தவணையும் கட்டுவதென்றால் நாளுக்கு 1,200 டொலருக்காவது விற்க வேண்டும் என்று கணக்குச் சொன்னது. அதே தெருவில் ஏற்கனவே இரண்டு தமிழ்க் கடைகள். ஆனால், 1990இல் நான் வெளிக்கிட்ட பிறகு அம்மாவோடு நின்றவன் அவன். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவில், அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி நாவற்குழிப் பாலம் தாண்டி உருட்டிக்கொண்டு போனவன். அந்தக் கடனை எந்தப் பேரேட்டில் பதிவது?

முதல் இரவு அழுதுவிட்டு, கையெழுத்து வைப்பதென்று முடிவெடுத்தேன். அடுத்த இரவு அவன் தொலைபேசியில் சொன்ன ஒரு சொல் சுட்டுவிட்டது. இனி அவன் முகத்திலும் முழிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். மனைவி சொன்னாள், "இஞ்சேருங்கோ, நேற்றும் முடிவெடுத்தனீங்கள், இண்டைக்கும் முடிவெடுக்கிறியள். நாளைக்கு என்ன முடிவு?"

அந்த ஞாயிறு பூசை முடிய எங்கள் சுவாமியாரிடம் போனேன். அவர் எனக்குப் புத்தி சொல்லவில்லை. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் கதையைச் சொன்னார். 1521இல் பம்பலோனாக் கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய கால் உடைந்தது. வீட்டுக் கட்டிலில் மாதக்கணக்காகக் கிடந்தார். வாசிக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். ஒரு பெருமாட்டிக்காகச் சாகசம் செய்வதாகக் கனவு காண்பார், இனிக்கும். பிறகு மனம் வறண்டுபோகும். புனிதர்களைப் போல வாழ்வதை நினைத்தாலும் இனிக்கும், ஆனால் அந்த மகிழ்ச்சி நின்று நிலைக்கும். இந்த வித்தியாசத்தைக் கவனித்ததுதான் தொடக்கம். உணர்ச்சியை அவர் தள்ளி வைக்கவில்லை. வந்தது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்தார். கணக்காளனான எனக்கு இது விளங்கியது. வரவை மட்டும் பார்த்தால் போதாது, வருட முடிவில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும்.

1548இல் பாப்பரசர் அங்கீகரித்த அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில், மனம் இருண்டு கிடக்கும் நேரத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்று ஒரு விதி உண்டு. இது பலருக்குத் தெரியும். பக்தி பொங்கி நிற்கும் நேரத்திலும் அவசரப்பட்டு வாக்குக் கொடுக்க விடாதே என்று பயிற்சி கொடுப்பவரை அவர் எச்சரிப்பது அவ்வளவாகத் தெரியாது. எங்கள் சனத்துக்கு இரண்டாவதுதான் கூடுதலாகத் தேவை என்பேன். செத்தவீட்டிலும் திருவிழாவிலும் நாங்கள் கொடுக்கும் வாக்குகளை நினைத்துப் பாருங்கள்.

பிறகு சுவாமியார் யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். இலாசர் நோயாளி என்று ஆள் வருகிறது. இயேசு அவர்கள்மேல் அன்பு வைத்திருந்தார் என்று எழுதியிருக்கிறது. அடுத்த வரியில், இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்கினார் என்றும் இருக்கிறது. பின்பு அங்கே போய் மரியாவின் கண்ணீரைக் கண்டு அவரும் அழுகிறார். சின்ன வயதிலிருந்து கேட்ட பகுதி. ஆனால் அந்த இரண்டு நாளையும் அந்தக் கண்ணீரையும் நான் ஒருநாளும் சேர்த்து வாசித்ததில்லை.

அடுத்த ஞாயிறு பதில் சொல்வதாகத் தம்பிக்கு அறிவித்தேன். இஞ்ஞாசியார் சொன்னபடி நன்மை, தீமை என்று எழுதினேன். முன்பின் தெரியாத ஒருவர் இதே கடதாசிகளோடு வந்தால் என்ன சொல்வேன் என்று கேட்கச் சொல்கிறார். "வைக்காதேங்கோ" என்று இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பேன். சாகும் நேரத்தில் எப்படித் தீர்மானித்திருக்க விரும்புவாய் என்றும் கேட்கச் சொல்கிறார். தம்பியை வெறுங்கையோடு வாசலில் நிறுத்தியவனாகச் சாக நான் விரும்பவில்லை. இரண்டு கேள்விக்கும் இரண்டு பதில். ஒன்றை வைத்து மற்றதை வெட்டலாமா என்று பார்த்தேன், முடியவில்லை.

ஆகவே கையெழுத்து வைக்கவில்லை. எங்கள் சேமிப்பில் போனாலும் தாங்கக்கூடிய 15,000 டொலரைக் கொடுத்தேன். கடன் என்று எழுதவில்லை. கடைக் கணக்கைச் சும்மா பார்த்துத் தருவதாகவும் சொன்னேன். தம்பி காசோலையை மேசையிலேயே விட்டுவிட்டு, "அண்ணா, நீங்கள் அண்ணன் மாதிரிக் கதைக்கேல்லை, பாங்க்காரன் மாதிரிக் கதைக்கிறியள்" என்று எழும்பிப் போனான். ஏழு மாதம் பேச்சில்லை. நத்தாருக்கும் வரவில்லை. பிணைக்கு வேறொருவர் நின்றார்.

கதை இந்த இடத்தில் எனக்குச் சாதகமாகத் திரும்பும் என்று நினைப்பீர்கள். இல்லை. கடை இன்றைக்கும் நடக்கிறது. பக்கத்துக் கடைகளில் ஒன்றை மூடிவிட்டார்கள். என் கணக்குப் பிழைத்தது. அப்படியென்றால் முடிவும் பிழையா? அன்றைக்கு என் கையில் இருந்த விபரங்களுக்கு வேறு பதில் சொல்லியிருக்க மாட்டேன். ஆனாலும் அந்த ஏழு மாதத்தை நான் எந்தப் பக்கத்திலும் பதிந்து சமப்படுத்தவில்லை.

எட்டாம் மாதம் அவனுடைய மனைவி வந்து காசோலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இப்போது சனிக்கிழமைகளில் கடைக்குப் போய்க் கணக்குப் பார்க்கிறேன். தேத்தண்ணி வரும். பற்றுச்சீட்டுகளை இன்னமும் சப்பாத்துப் பெட்டிக்குள்தான் போட்டு வைத்திருக்கிறான்.