கடைப்பைக்கு யார் காசு கொடுப்பது?

(பங்கு விழா முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நம்மிடம் கேட்டது சிறிய கேள்வி. அசனத்தன்று வீட்டுக்கு எடுத்துச் செல்வோருக்குச் சோறும் குழம்பும் எதில் கொடுப்பது? பாலிதீன் பையில் கட்டிக் கொடுத்தால் வேலை சுலபம். ஆனால் 2019 ஜனவரி 1 முதல் அது தமிழகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். கோயில் வளாகத்திலேயே சட்டத்தை மீறுவதா என்று ஓர் இளைஞர் எழுந்து கேட்டார். உடனே மற்றொருவர், "சாமி, பஜாரில கொடுத்துக்கிட்டுத்தானே இருக்காங்க" என்றார். இருவர் சொன்னதும் மெய்யே. ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுவோம்.

நம் வயதினருக்கு நினைவிருக்கும். பருப்பும் வற்றலும் செய்தித்தாள் பொட்டலத்தில் நூல் சுற்றி வரும். எண்ணெய்க்குப் பாட்டில், கருப்பட்டிக்கு ஓலைக் கொட்டான். கலியாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சள் துணிப்பை, மணமக்கள் பெயர் வெளுத்துப் போகும்வரை கடைக்குப் போய்வரும். பிறகு கவர் வந்தது, காசில்லாமல் வந்தது. மஞ்சப்பையோடு பஸ் ஏறுகிறவரைப் பட்டிக்காட்டான் என்று சிரிக்கப் பழகினோம். குருமடத்தில் சேரப் போன நாளில் தகப்பனார் கையிலிருந்த மஞ்சப்பையைக் கண்டு நாமே கூசி இரண்டடி தள்ளி நடந்தோம். அதை இன்று சொல்வதற்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தக் கவர் எங்கே போகிறது என்று விருதுநகர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை; கௌசிகா நதிப் பாலத்தில் நின்றால் தெரியும். ஒரு மழைக்கு வாறுகால் அடைத்து வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. வங்காளதேசத்தார் 1988, 1998 வெள்ளங்களில் வடிகால் அடைபட்டுப் பட்ட பாட்டுக்குப் பிறகே 2002 இல் மெல்லிய பாலிதீன் பையைத் தடை செய்தார்கள்.

பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2011 இலேயே விதி செய்தது. நம் மளிகைக் கடையில் யாராவது பைக்குத் தனியாகக் காசு கேட்டதுண்டா? கேட்டால் வாடிக்கை எதிர்க்கடைக்குப் போய்விடும் என்பது வியாபாரிக்குத் தெரியும். 2016 இல் வந்த விதியோ, பை கொடுக்கும் கடை உள்ளாட்சியில் பதிந்து மாதம் 4,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. பெட்டிக்கடைக்காரர் அதற்கு எங்கே போவார்? 2018 இல் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள்.

அயர்லாந்தில் வேறு விதமாகச் செய்தார்கள். 2002 மார்ச் 4 முதல் பை ஒன்றுக்கு 15 சென்ட் வரி. கடைக்காரர் அதைத் தாமே ஏற்றுக்கொள்ளக் கூடாது. வாங்குகிறவரிடம் வசூலித்து ரசீதில் காட்ட வேண்டும். ஆளுக்கு ஆண்டுக்கு 328 பை என்றிருந்தது 21 ஆகக் குறைந்தது. தொகை பெரிதன்று. ஒரே நாளில் எல்லாக் கடையிலும் கேட்டார்கள். எதிர்க்கடைப் பயம் ஒருவருக்கும் இல்லாமற் போயிற்று.

இதை நம் தாய்மார் கூட்டத்தில் சொன்னபோது, தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் ஒரு தாய் சட்டென்று சொன்னார்: "காசு இருக்கிறவுக பத்து ரூவாயக் கொடுத்திட்டுப் பையை வாங்கிக்கிடுவாக சாமி. ஞாயம் பூரா எங்களுக்குத்தான்." நமக்குப் பதில் வரவில்லை. இருட்டோடு வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போகிறவர், சனிக்கிழமை கூலியை வாங்கிக்கொண்டு பஜாரில் இறங்குகிறார். 20 ரூபாய்க்குத் தக்காளி வாங்க வேண்டும். அரசு 2021 டிசம்பர் 23 இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபின், நாணயம் போட்டால் துணிப்பை தரும் இயந்திரங்களும் வந்தன; நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு பை 10 ரூபாய் என்றால் அது அந்தத் தாய்க்குத் தக்காளி விலையில் பாதி.

ஆகவே நாமும் பங்குப் பேரவையினரும் கலந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். தளவாய்புரம் பக்கம் நைட்டி தைக்கிற இடங்களில் மிஞ்சும் பருத்தி வெட்டுத்துணியைக் கேட்டு வாங்கி, நம் தாய்மார் பை தைப்பார்கள். வேலைக்கு ஆள் ஏற்றும் ஒவ்வொரு வேனிலும், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் 30 பைகள் தொங்கும். சனிக்கிழமை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை திருப்பி மாட்டினால் போதும், காசு இல்லை. ஞாயிறு பூசைக்குக் காரிலும் பைக்கிலும் வந்து, அப்படியே கறிக்கடைக்குப் போகிறவர்கள் பை மறந்தால், கோயில் வாசலில் 10 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பணத்திலிருந்து வேன் பைகளுக்கு நூலும் தையற்கூலியும்.

ஒரு எச்சரிக்கை. துணியைப் போலவே தோன்றும், தையலில்லாமல் ஓரம் ஒட்டிய பையைச் சிலர் விழாவுக்கு நன்கொடையாகத் தர முன்வந்தார்கள். அது பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கே. 2019 தடையில் அதுவும் சேர்க்கப்பட்டது. தீ வைத்தால் துணி சாம்பலாகும், அது உருகிச் சொட்டும். (பட்டாசு ஊரில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.) நன்கொடையாளர் மனம் நோகாமல் நாமே பேசியிருக்கிறோம், அதற்குப் பதிலாகத் துணி தருகிறார்கள்.

அசனத்துக்கு வருவோர் தூக்குவாளி கொண்டு வர வேண்டும். மறந்தவர்களுக்குக் கோயில் வாளி உண்டு; நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம். நோட்டு மரியாயின் சேனைச் செயலாளரிடம் இருக்கும். சென்ற ஆண்டு உறுதிபூசுதல் விருந்தன்று போன இரண்டு வாளிகள் இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் விழாக் கொடியேற்றத்துக்கு முன் பங்கு இல்லத்தில் சேர்த்துவிடக் கேட்டுக்கொள்கிறோம். பெயர் கேட்க மாட்டோம்.