திறந்த அமைப்பும் தமிழ்ச் சொல்லும்

ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது. வடிவம் மாற்றவே இயலும். ஜெர்மானிய அறிஞர் கிளாசியஸ் 1850ஆம் ஆண்டில் வரையறுத்துரைத்த வெப்ப இயக்கவியலின் முதல் விதி இக்கருத்தையே அடித்தளமாகக் கொண்டது. மூடிய அமைப்பில் இதனைக் கற்பிப்பது எளிது. ஊட்டிய வெப்பத்தில், அமைப்பு செய்த வேலை போக எஞ்சியது அக ஆற்றலாக உள்ளே தங்கும். பொருள் எதுவும் எல்லையைக் கடப்பதில்லை.

கரிசல் நிலத்தில் கண்ணிற்படுவனவோ பெரும்பாலும் திறந்த அமைப்புகளே. கண்மாய்க்குள் ஓடைநீர் வரும், மடைவழியே வெளியேறும், வெயிலில் ஆவியாகும். கயத்தாற்றுக் காற்றாலைகளில் காற்று விரைந்து புகுந்து, வேகம் குறைந்து வெளியேறும். வரும் பொருளும் போகும் பொருளும் ஆற்றலைச் சுமந்தே செல்கின்றன.

மாணவர் இடறுவது இங்கேதான். பொருள் சுமப்பது அக ஆற்றலை மட்டும்தானா? கோவில்பட்டி செண்பகவல்லியம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில், வாயிலில் நுழைபவரைப் பின்னிருப்போர் நெருக்கித் தள்ளுகின்றனர். அத்தள்ளுதல் உள்ளிருப்போரையும் எட்டுகிறது. குழாயில் வரும் நீராவியையும் பின்வரும் நீராவி அவ்வாறே தள்ளுகிறது. அழுத்தத்தைக் கனஅளவால் பெருக்கினால் கிடைப்பது அந்தப் பாய்வு வேலை. அக ஆற்றலோடு அதனைக் கூட்டிய தொகையே என்தால்பி.

எண்ணிலும் இதனைக் காணலாம். இட்லிச் சட்டியின் மூடியிடுக்கில் வெளியேறும் நீராவியை எடுத்துக்கொள்வோம். வளிமண்டல அழுத்தத்தில், 100 பாகை செல்சியசில், 1 கிலோகிராம் நீராவியின் அக ஆற்றல், நீராவி அட்டவணைப்படி, ஏறத்தாழ 2,506 கிலோஜூல். பாய்வு வேலை 170. இரண்டும் சேர்ந்து 2,676. அந்த 170ஐ விட்டவர்க்கு வரவும் செலவும் ஒருநாளும் நேராகா.

தமிழில் இத்தொகையை ‘வெப்ப அடக்கம்’ என்றும் எழுதுவதுண்டு. சொல் எளிது, ஆனால் அது வழி தவறச் செய்கிறது. உள்ளே அடங்கியிருப்பது வெப்பமே என்று மாணவர் கொள்வர். பின்னிருந்து தள்ளிய வேலை சொல்லுக்குள் மறைந்துபோகிறது. ‘பாய்வு வேலை’ என்பதோ தன் பொருளைத் தானே விளக்குகிறது.

2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானவியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. சிற்றூர்ப் பள்ளியில் தமிழ்வழி பயின்று பொறியியலுக்கு வரும் மாணவர்க்கு, கலைச்சொல்லே முதல் ஆசிரியர். அச்சொல் பிழைபட்டால், பின்வரும் ஆசிரியர் எத்துணை முயன்றும் அப்பிழையைக் களைவது அரிது.

சொல்லின் நிறையை அறிந்தவர் கவிஞர்; பொருளின் நிறையை அறிந்தவர் ஆசிரியர். இருவரும் ஒரே பலகையில் அமர்ந்து சொல் ஆக்குவது, பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்திற்கு உரிய பணியாகும்.