விருந்தினருக்குக் காவல், வீதிக்கு யார்?



வெளிநாட்டுத் தலைவர்களுக்கான அரசுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசக் கோவையை அடுத்த கிணத்துக்கடவு பொருத்தமான ஊர் என்றே நினைக்கிறேன். அரசமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. விருந்தினரை அழைப்பது டெல்லி. வெயிலில் பந்தோபஸ்து நிற்பது மாவட்டக் காவலர். கான்வாய் போகும்வரை தக்காளி வண்டியோடு காத்திருப்பது நம் விவசாயி.

பாதுகாப்பே வேண்டாம் என்று கோவையில் யாரும் பேசமாட்டார்கள். பாஜக தலைவர் அத்வானி பேசவிருந்த 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்களைப் பறிகொடுத்த மாநகரம் இது. அயல்நாட்டுத் தலைவர்கள் மீதான தாக்குதலைத் தடுப்பதும் தண்டிப்பதும் அரசுகளின் கடமை என்று 1973ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையும் சொல்கிறது. அந்தக் கடமையை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எனக்கு வாதம் உண்டு. மக்களை எவ்வளவு தூரம் விலக்கினோம் என்பதே பாதுகாப்பின் அளவாகிவிட்டது. அது தவறான அளவு.

1987 ஜூலை 30, கொழும்பு. முந்தைய நாள்தான் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். எதிர்ப்பில் நகரம் கொந்தளித்தது, ஊரடங்கு போட்டிருந்தார்கள். புறப்படும் முன் ராஜீவ் கடற்படை அணிவகுப்பைப் பார்வையிட்டு நடக்கிறார். அவர் கடந்து போன கணத்தில் விஜித ரோகண என்ற கடற்படை வீரர் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து ஓங்கி அடிக்கிறார். ராஜீவ் சட்டெனக் குனிந்ததால் அடி தலைக்குத் தப்பித் தோளில் விழுந்தது. தெருவெல்லாம் அடைத்தாகிவிட்டது, அடித்தவரோ, மரியாதை செய்ய அரசே நிறுத்திய வரிசையில் நின்றவர். மூன்றாண்டு முன்பு இந்திரா காந்தியைச் சுட்டவர்களும் அவருடைய காவலர்களே. உள்வட்டத்தில் நிற்பவர் யார், அவர் மனநிலை என்ன என்று பார்ப்பதற்கு, கடைகளை மூடச் சொல்வதைவிட அதிக உழைப்பு வேண்டும். நம் ஆய்வுகள் அங்கே போகட்டும்.

மக்களை விலக்கும் வழக்கத்துக்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது கடலில் கடற்படை, கடலோரக் காவல்படைக் கப்பல்கள் நின்றன. மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை. எதிர்ப்புக் காட்டக்கூடும் என்று திபெத்தியர்கள் முன்கூட்டியே கைதானார்கள். சந்திப்பு அசம்பாவிதம் இன்றி முடிந்தது. அதற்காக இரவு பகலாக நின்ற காவலர்களுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. வலை போடாத மீனவருக்கும் அதே அளவு கடன்பட்டிருக்கிறது. அவர் இழந்த நாள் வருமானமும் பாதுகாப்புச் செலவுதான். திட்டம் போடும்போதே அதற்கும் தொகை ஒதுக்க வேண்டும். அமைதியாகப் பதாகை பிடிப்பவரைக் கொலையாளியோடு ஒன்றாக எண்ணும் முன்கூட்டிய கைதுகளை என்னால் ஏற்க முடியாது.

மாற முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2021 ஜூனில், முதலமைச்சர் செல்லும் வழிகளில் பெண் காவலர்களைச் சாலையோரம் நிறுத்த வேண்டாம் என்று தமிழகக் காவல்துறை உத்தரவிட்டது. கழிப்பறைகூட இல்லாமல் மணிக்கணக்கில் நின்றவர்களின் வேதனைக்குக் கிடைத்த பதில் அது. வெளிநாட்டு விருந்தினர் வரும் வழிகளுக்கும் அது பொருந்த வேண்டும்.

பிற்பகல் அமர்வில் ஓய்வுபெற்ற காவல் அதிகாரிகள் பேசுகிறார்கள். கான்வாய் ஒத்திகையின்போது ஆம்புலன்ஸ் வந்தால் தடுப்பைத் திறக்கும் அதிகாரம் அங்கே நிற்கும் காவலருக்கு உண்டா என்பதை முதலில் அவர்களிடம் கேளுங்கள்.