பூரி ஏன் மிதக்கிறது?

தில்லியில் இருக்கும் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு (என்.சி.இ.ஆர்.டி.) 2008-இல் வெளியிட்ட ஐந்தாம் வகுப்புச் சூழ்நிலையியல் புத்தகத்தில், ஆயிஷா என்ற சிறுமி அம்மா பூரி சுடுவதைக் கவனிக்கிறாள். எண்ணெயில் போட்டதும் மூழ்கிய பூரி, உப்பியதும் மேலே வந்து மிதக்கிறது. உப்பாத பூரி அப்படி மிதக்கவில்லை. உடனே அவள் கொஞ்சம் மாவை உருட்டித் தட்டித் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறாள்.

எவ்வளவு நல்ல தொடக்கம்! மாவிலுள்ள ஈரம் சூட்டில் ஆவியாகிப் பூரியை உப்ப வைக்கிறது. எடை கூடுவதில்லை, பருமன் கூடுகிறது. விலக்கும் எண்ணெய் அதிகமாவதால் பூரி எழும்புகிறது.

காய்ந்த எண்ணெயைப் பிள்ளைகள் தள்ளி நின்றே பார்க்கட்டும். அவர்கள் கையால் செய்ய, அதே பாடத்தில் எலுமிச்சம்பழம் இருக்கிறது. கண்ணாடி டம்ளர் தண்ணீரில் சாறு நிறைந்த சின்னப் பழத்தைப் போடுங்கள். அது அடியில் போய் உட்கார்ந்தால், அரை அரை ஸ்பூனாக உப்புப் போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். உப்புக் கரையக் கரையத் தண்ணீரின் அடர்த்தி கூடும்; பழம் லேசாக அசைந்து மேலேறும். உப்பு மிகுந்த சாக்கடலில் ஆட்கள் சுலபமாக மிதப்பதும் இதனால்தான்.

ஒன்று மட்டும்: காரணத்தை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். எத்தனை ஸ்பூன் ஆகும் என்று முதலில் பிள்ளையே ஊகித்துச் சொல்லட்டும்.