படத்தில் தெரியும் மூளை



19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயிலே வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் கிறீன், மேல்நாட்டு உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணாக்கரைப் பயிற்றினார். அக்காலத்தில் மூளையின் அமைப்பைக் காண்பதாயின், இறந்தவரின் மண்டையோட்டைத் திறந்தே காணவேண்டும். இன்றோ அசையாது படுத்திருக்கும் சிறுவனின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவி காந்தப் புலத்தாலும் வானொலி அலைகளாலும் படம் பிடித்துவிடுகிறது. ஆம், வானொலி அலைகளேதாம்!

தலையிடிக்காகவோ, விழுந்து அடிபட்டதற்காகவோ எடுத்த படத்தில், அவற்றோடு தொடர்பில்லாத வேறுபாடொன்று தென்படுவதுண்டு. அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. அதிலுள்ள ‘சிஸ்ட்’ என்னும் சொல் வீட்டிலே ‘கட்டி’யாகிவிடுகிறது. ‘மூளையிலே கட்டியாம்’ என்ற பேச்சு ஒழுங்கையைத் தாண்டுமுன்னரே, பிள்ளை விளையாட்டுப் போட்டியிலிருந்து மறிக்கப்படுகிறான். படிப்பிலே பின்தங்கினாலும் பழி அதன்மேலேயே விழுகிறது. உண்மையில் அது பெரும்பாலும் நீர் நிறைந்த சிறு பை. நீர்ப்பை என்றே சொல்லியிருந்தால் பாதி அச்சம் எழுந்திராது. தமிழ்ச் சொல்லுக்காகக் கிறீன் பட்ட பாடு வீண்பாடன்று.

நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில், பத்து வயதை அண்டிய 3,966 பிள்ளைகளின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2017இல் முடிவு வெளியிட்டனர். நோய் கருதி எடுத்த படங்களல்ல அவை. ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ஏதோவொரு வேறுபாடு காணப்பட்டது. மூளையின் நடுவே நெல்மணியளவாயுள்ள கூம்புச் சுரப்பியில் நீர்ப்பை இருந்தோர் மாத்திரம் 665 பேர். சிலந்திவலை போன்ற மென்சவ்வில் நீர்ப்பை இருந்தோர் 86 பேர். எனினும், தொடர்ந்து வைத்தியக் கவனிப்பு வேண்டப்பட்டோர் ஆயிரத்துக்கு ஐவரிலும் குறைவு. முகங்கள் ஒன்றுபோலிராமையை நாம் வியப்பதில்லை. மூளைக்கு மட்டும் ஏன் ஒரே அச்சைக் கேட்கிறோம்?

அந்தச் சிலரை அசட்டை செய்தலும் ஆகாது. விடியற்காலையில் வாந்தியோடு கூடிய தலையிடி, வலிப்பு, பார்வை மங்கல், நடைத் தள்ளாட்டம் என்பன தோன்றினால் தாமதமின்றி வைத்தியரிடம் செல்லவேண்டும்.

எழுத்துக்கூட்டி வாசிக்க இடர்ப்படும் பிள்ளையின் குறையை இத்தகைய படத்தைக் கொண்டு நிர்ணயிப்பதில்லை. அதனை வாசிக்கச் செய்து கேட்டே அறியவேண்டும். ஆகவே படத்துடன் செல்லும் பெற்றார் வைத்தியரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: இவ்வேறுபாட்டுக்கும் பிள்ளையின் வருத்தத்துக்கும் தொடர்புண்டா? மீண்டும் படம் எடுக்கவேண்டுமா, எப்போது? பிள்ளை நாளைக்கே ஓடி விளையாடலாமா? விடையைத் தமிழிலேயே எழுதித் தரும்படியும் கேட்கலாம்.