உங்கள் கண்ணைச் சோதிப்பவர் இன்னும் படிக்கிறாரா?

(பாசிர் ரிஸ் குடியிருப்பாளர்களிடம் கண் பரிசோதகர் ஒருவர் ஆற்றிய உரை)

பேரப்பிள்ளைகளையும் அழைத்து வந்திருக்கிறீர்கள், நல்லது. அவர்களைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

மூக்குக்கண்ணாடி மாற்றக் கடைக்குப் போனால் நாம் என்ன கேட்கிறோம்? பிரேம் எத்தனை வெள்ளி, எப்போது கிடைக்கும், பழைய பிரேமிலேயே புது லென்ஸ் போட முடியுமா. "உங்கள் தொழில் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும்?" என்று என்னிடம் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கேட்டால் அவர் தவறாக நினைப்பாரோ என்று தயங்குகிறோம். முறையாகத் தொழில் செய்பவர் தவறாக நினைக்கமாட்டார்.

சிங்கப்பூரில் இந்தத் தொழிலுக்கென்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளது. கண் பரிசோதகர்கள், அதாவது ஆப்டோமெட்ரிஸ்டுகளும், கண்ணாடி வல்லுநர்களான ஆப்டிஷியன்களும் அதற்கான வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இருவரும் ஒன்றல்ல. ஆப்டிஷியனின் முக்கிய வேலை கண்ணாடி. ஆப்டோமெட்ரிஸ்ட் கண்ணில் நோயின் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கவும், தேவைப்பட்டால் கண் மருத்துவரிடம் அனுப்பவும் பயிற்சி பெற்றவர்.

பதிவு மட்டும் போதாது. தொழில்புரியும் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். அதற்குக் காலாவதித் தேதி உண்டு. புதுப்பிக்கும்போது கட்டணம் கட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் வகுப்புகளுக்குப் போனாரா, கருத்தரங்குகளில் கலந்துகொண்டாரா என்று கணக்குக் காட்ட வேண்டும். இதைத் தொடர்கல்வி என்கிறோம். உண்மையைச் சொல்கிறேன், நாள் முழுவதும் கடையில் நின்றுவிட்டு இரவு வகுப்புக்குப் போவது எங்களுக்கும் அலுப்புத்தான். ஆனால் அது ஏன் தேவை என்பதற்கு என் தவற்றையே சொல்கிறேன்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்கு முழுப் பவர் கொடுக்காமல் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் பவர் மெதுவாக ஏறும் என்று பலர் நம்பினார்கள். நானும் அப்படிக் கொடுத்திருக்கிறேன். பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது. பிறகு 2002இல் மலேசிய ஆய்வு ஒன்று வெளியானது. 94 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். குறைந்த பவர் கண்ணாடி போட்டவர்களுக்குக் கிட்டப்பார்வை மெதுவாகவில்லை, இன்னும் வேகமாக ஏறியது. பிள்ளை கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்த்ததுதான் மிச்சம்.

ஒரு வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த வகுப்புக்குப் போகாதிருந்தால் இன்றும் அதையே செய்துகொண்டிருப்பேன், நல்ல மனதோடுதான். "பவரைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்" என்று இப்போதும் சில அம்மாக்கள் கேட்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்.

குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து கிட்டப்பார்வை ஏறுவதை மெதுவாக்கும் என்று கண்டறிந்த முக்கிய ஆய்வுகளில் ஒன்று இங்கே, சிங்கப்பூரில் நடந்து 2012இல் வெளியானது. அந்த மருந்தை எழுதித் தரவேண்டியவர் கண் மருத்துவர். ஆனால் எந்தப் பிள்ளையை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் கடையில் இருக்கும் நாங்கள்தான்.

கான்டாக்ட் லென்ஸ் போடும் இளையர்களுக்கு இன்னொரு செய்தி. 2005 மார்ச்சிலிருந்து 2006 மே வரை சிங்கப்பூரில் 66 பேருக்கு ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் கருவிழியில் கிருமித்தொற்று ஏற்பட்டது. பெரும்பாலோர் லென்ஸ் கழுவ ஒரே வகைத் திரவத்தைப் பயன்படுத்தியவர்கள். 2006 பிப்ரவரியில் அதன் விற்பனை இங்கே நிறுத்தப்பட்டது, மே மாதம் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அத்தகைய எச்சரிக்கை வரும்போது அதைப் படித்து, தன் வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுச் சொல்பவர் வேண்டுமா, அலமாரியில் மிச்சமுள்ள பாட்டிலை விற்பவர் வேண்டுமா? இணையத்தில் பவரே பார்க்காமல் வண்ண லென்ஸ் வாங்குபவர்களுக்கு இந்த இருவரில் ஒருவர்கூடக் கிடைப்பதில்லை.

இனி நம் வீட்டு விஷயம். 2007 முதல் 2009 வரை, 40 வயதும் அதற்கு மேலும் உள்ள 3,400 சிங்கப்பூர் இந்தியர்களின் கண்களை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு நீரிழிவு. நீரிழிவு உள்ளவர்களில் பத்துப் பேரில் சுமார் மூவருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. தொடக்கத்தில் வலி இருக்காது, பார்வையும் மங்காது. எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படித்துவிட்டு, "எனக்கென்ன குறை?" என்று எழுந்து போவார்கள்.

சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் மாறும். மூன்று மாதத்தில் இரண்டு கண்ணாடி மாற்றியும் சரியாகத் தெரியவில்லை என்று ஒருவர் வந்தால், விவரம் தெரிந்த பரிசோதகர் மூன்றாவது கண்ணாடியை விற்கமாட்டார். "ஐயா, முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், சர்க்கரை நிலையான பிறகு கண்ணாடி பார்ப்போம்" என்பார். அன்று அவருக்கு வியாபாரம் இல்லை. ஆனால் உங்கள் கண் பிழைக்கும். நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுதோறும் பலதுறை மருந்தகத்தில் விழித்திரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கடையில் பவர் பார்த்திருந்தாலும் சரி.

தேக்காவில் ஐந்து வெள்ளிக்கு வாங்கிய வாசிப்புக் கண்ணாடியைப் பற்றி ஒரு மாமா வாசலிலேயே கேட்டார். பத்திரிகை படிக்க அது பரவாயில்லை மாமா. ஆனால் அந்தக் கண்ணாடி உங்கள் கண்ணுக்குள் எட்டிப் பார்க்காது.

பதிவு பெற்றவர்களின் பெயர்களை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். கைப்பேசியில் தேடத் தெரியாதவர்கள் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். கடையின் பெயரை அல்ல, உங்களைச் சோதித்தவரின் பெயரைத் தேட வேண்டும். ஒரே கடையில் இன்று ஒருவர் இருப்பார், அடுத்த வாரம் வேறொருவர் இருப்பார். பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது பழைய கண்ணாடி, மருந்துப் பட்டியல் இரண்டையும் கொண்டு போங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுவதை மறைக்காதீர்கள்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். என் சான்றிதழை மேசைமேல் வைத்திருக்கிறேன், வந்து தேதியைப் பாருங்கள். பிறகு உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.